பசியாறுதல்: சுங்கைப் பட்டாணியின் சிறு உணவுக் கடைகள் கூறும் வரலாறு

கெடா மாநிலத்துத் தமிழர் வரலாறு என்றவுடன் நம் நினைவு கடாரத்துக்குச் செல்கிறது. 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இக்கரைக்கு வந்தது; ‘கடாரங்கொண்டான்’ என்னும் விருதுப்பெயர் எழுந்தது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் சொல்லுக்குக் கடாரம் என்றே பொருள் கண்டார் நச்சினார்க்கினியர். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களை மாணவர்கள் ஆண்டுதோறும் சுற்றுலாவாகச் சென்று பார்த்து வருகின்றனர். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும், இன்று இம்மாநிலத்தில் வாழும் தமிழருள் மிகப் பெரும்பாலோர் சோழர் கப்பலில் வந்தவர்களின் வழியினர் அல்லர். இரப்பர்த் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்களின் வழியினர். அவர்கள் கல்வெட்டுகளை விட்டுச் செல்லவில்லை. சொற்களை விட்டுச் சென்றிருக்கின்றனர். அச்சொற்களுள் ஒரு பகுதி இன்னும் வழங்கி வரும் இடம், நகரத்துச் சிறு உணவுக் கடை.

நண்பகலில் அத்தகைய கடை ஒன்றில் அமர்ந்து எளிய உணவு ஒன்றைக் கேட்டு உண்டு எழுவதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் நம் காதில் விழும் சொற்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஊரும் பெயரும்

முதலில் ஊர்ப்பெயரைக் காண்போம். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்பது ஆறு. ‘பெத்தானி’ என்பது உழவன். உழவர் ஆறு என்பதே பெயரின் பொருள். மலாய்ச் சொல்லின் நடுவிலுள்ள ஒலி பல்லொலியாகிய தகரம். ஒலிமரபின்படி தமிழில் அது ‘பெத்தானி’ என்றே வந்திருக்க வேண்டும். ஆனால் நம் முன்னோர் அதனைப் ‘பட்டாணி’ ஆக்கினர். புதிய சொல் ஒன்று காதில் விழும்போது, ஏற்கெனவே அறிந்த சொல் ஒன்றின் வடிவத்தை அதற்குத் தருவது மக்கள் வழக்கு. உழவனைக் குறித்த சொல் இவ்வாறு உண்ணும் பயறு ஒன்றின் பெயரோடு ஒன்றிவிட்டது. இதனை எவரும் கூடித் தீர்மானிக்கவில்லை. எழுதப் படிக்க அறியாதாரும் இம்மாற்றத்தில் பங்கு கொண்டனர். அவர்கள் இவ்வூரைத் தமக்கு உரியதாக்கிக் கொண்ட முதற்செயல் இதுவே எனலாம்.

1909ஆம் ஆண்டு ஆங்கிலேய-சயாம் உடன்படிக்கையின் வழியாகக் கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியின் செல்வாக்குக்குள் வந்தது. பிறையிலிருந்து வடக்கு நோக்கி நீண்ட இருப்புப்பாதை 1918இல் சயாம் எல்லையிலுள்ள பாடாங் பெசாரை எட்டியது. அதே காலத்தில் கோலமூடா வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு நடுவே தொடர்வண்டி நிலையமும் கடைவீதியும் அரசு அலுவலகங்களும் கொண்ட நகராகச் சுங்கைப் பட்டாணி வளர்ந்தது. ஜாலான் இப்ராஹிமில் நிற்கும் மணிக்கூண்டு 1936இல் எழுப்பப்பட்டது. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்தவர்களுக்கு அது நேரங்காட்டியாகவும் கூடுமிடத்துக்கு அடையாளமாகவும் விளங்கியது.

தோட்டத்து உணவும் நகரத்து உணவும்

சிறு உணவுக் கடையின் அருமையை உணர வேண்டுமாயின், தோட்டத்தில் மக்கள் எவ்வாறு உண்டனர் என்பதை அறிய வேண்டும். விடியுமுன் ‘பிரட்டு’க்குச் செல்ல வேண்டும். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. பெயர் கொடுத்து வேலை வாங்கும் அணிவகுப்பு. ‘லைன்’ என்பது ‘லயம்’ ஆனதும் இவ்வாறே. வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு வெளிக்காட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டுவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே வேலை விடியலில் தொடங்கி முற்பகலில் உச்சத்தை அடையும். பால் வடியும் இடைவேளையில், கொண்டுவந்ததை உண்பர். அவ்வேளையை வகுத்தது அவர்கள் பசியன்று. மரத்தின் இயல்பும் நிர்வாகத்தின் கணக்கும் ஆகும்.

உணவுக்கு வேண்டிய அரிசியும் அவர்கள் விரும்பித் தேர்ந்ததன்று. மலாயாவின் தோட்டங்களுக்குப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வந்தது. தோட்ட நிர்வாகமோ தோட்டக் கடையோ அதனை அளந்து கொடுக்கும். விலை சம்பளத்தில் கழிக்கப்படும். உழவர் ஆறு என்று பெயர் பெற்ற ஊரில், நெற்களஞ்சியம் எனப்படும் மாநிலத்தில், தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து வந்த அரிசியை உண்டு வாழ்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1920களின் பிற்பகுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தபோது அக்கூலியும் குறைக்கப்பட்டது.

இத்தகைய வாழ்வில், சம்பள நாளுக்குப் பின் நகருக்கு வந்து ஒரு கடையில் அமர்வது சிறு நிகழ்ச்சி அன்று. அங்கே ஒருவர் எதிரே வந்து நின்று ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பார். கங்காணியும் கிராணியும் கேட்காத கேள்வி அது. தோசையா, இட்டிலியா, சோறா என்று தேர்ந்து சொல்லும் உரிமை, சில காசு கொடுத்தால் கிடைத்தது. தொழிலாளி வாடிக்கையாளராக மாறிய இடம் அது.

சம்பள நாளில் அவருக்காகக் காத்திருந்த மற்றொரு கடையும் உண்டு, அது கள்ளுக்கடை. தோட்டத்திலேயே உரிமம் பெற்று நடந்த அக்கடை, கொடுத்த கூலியைத் திரும்பப் பெறும் வழியாகவும் அமைந்தது. 1946-47ஆம் ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. காவல்துறையோடு மோதலும் நேர்ந்தது. உணவுக் கடைக்கும் கள்ளுக்கடைக்கும் இடையே ஒரு குடும்பத்தின் வார வருமானம் எந்தப் பக்கம் சாயும் என்பது அக்காலத்தில் சமூகச் சிக்கலாகவே இருந்தது.

ஒரே மேசையில் யார் யாரோடு அமரலாம் என்பதும் சிக்கலாக இருந்தது. தமிழ்நாட்டில் உணவுக் கடைப் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் அச்சொல்லை எதிர்த்துப் பெரியார் தலைமையில் மறியல் நடந்தது. மலாயாவிலும் சாதி வேறுபாடு லயங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நீடித்தது. சீர்திருத்த இயக்கத்தினர் சமபந்தி உணவை வற்புறுத்தியதற்கு அதுவே காரணம். ஆனால் நகரத்துக் கடைவீதியில் மலாய்க்காரரும் சீனரும் தமிழ் இசுலாமியரும் பிற தமிழரும் அடுத்தடுத்து அமரும் நிலை இயல்பாக உருவாயிற்று. சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை. எனினும், சாதியைக் கேட்காமல் உணவு தரும் இடம் ஒன்று உண்டு என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணால் கண்டனர்.

ஒரு நண்பகல் உணவு

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். மணிக்கூண்டுக்குச் சிறிது தொலைவில், ஐந்தடிப் பாதையை ஒட்டி நான்கைந்து மேசைகள் கொண்ட கடை ஒன்றில் அண்மையில் நாம் நண்பகல் உணவுக்காக நுழைந்தோம். புதிய கடை, முன்பு அறிந்ததன்று. நிறைய உண்ணும் எண்ணமும் இல்லை. கல்லாவில் இருந்த அம்மையார் கேட்ட முதற்கேள்வியே நமக்கு ஆய்வுப் பொருளாக அமைந்தது: “ஐயா, சோறா, பசியாறவா?”

பசியாறுதல் என்பது பழந்தமிழ்க் கூட்டுச்சொல். ஆறுதல் என்பது தணிதல். பசி தணியுமாறு உண்பது அதன் பொருள். பொதுவாக எவ்வுணவுக்கும் அது பொருந்தும். ஆனால் மலேசியத் தமிழில் அச்சொல்லுக்குப் பொருட்சுருக்கம் நேர்ந்துள்ளது. காலை உணவையும், சோறு அல்லாத சிற்றுணவையும் அது சிறப்பாகக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் ‘டிபன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் நிரப்பிய இடத்தை இங்கே ஒரு தூய தமிழ்ச்சொல் நிரப்பி நிற்கிறது. விடியலில் வேலைக்குச் சென்று, முற்பகலில் முதன்முதலாக உண்ட மக்களின் வாயில் ‘பசி ஆறுதல்’ என்னும் சொல் அவ்வேளைக்கு நிலைத்தது இயல்பே.

நாம் இரண்டு தோசையும் சர்க்கரை இல்லாத வெறுந்தேநீரும் கேட்டோம். அம்மையார் உள்ளே திரும்பி, “தோசை ரெண்டு, தே ஓ கோசோங் ஒண்ணு” என்றார். இச்சிறு தொடரை அறுத்துப் பார்ப்போம். தோசையும் ரெண்டும் ஒண்ணும் தமிழ். ‘தே’ என்பது தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் தேயிலையைக் குறிக்கும் சொல். டச்சு வணிகர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று ஆங்கிலத்தில் ‘டீ’ ஆனதும், நம் தேயிலையிலும் தேநீரிலும் முன்னொட்டாக நிற்பதும் அச்சொல்லே. ‘ஓ’ என்பது ஹொக்கியனில் கருமை. பால் கலவாதது என்பது இங்குப் பொருள். ‘கோசோங்’ என்பது மலாயில் வெறுமை; சர்க்கரை இல்லாதது. ஒரு குவளைத் தேநீரைக் கேட்பதற்குள் மூன்று மொழிகள் வந்து செல்கின்றன. இதனைக் கலப்பு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் துறைமுகங்களிலும் கடைவீதிகளிலும் மூன்று இனத்தார் அருகருகே உழைத்த நூறாண்டு வரலாறு இத்தொடரில் அடங்கியுள்ளது.

அடுத்த மேசையிலிருந்த மலாய் இளைஞர் கடைக்காரரை “அண்ணே” என்று அழைத்தார். நம் உறவுச்சொற்கள் சில இந்நாட்டின் பொதுச்சொற்கள் ஆகிவிட்டன. நண்பரை ‘மச்சா’ என்பதும், தமிழ் இசுலாமியர் நடத்தும் கடையை ‘மாமாக்’ கடை என்பதும் அத்தகையன. ‘மாமாக்’ என்பது நம் ‘மாமா’வே. அயலார் நம்மை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலிருந்து அவர்கள் நம்மை எங்கே சந்தித்தார்கள் என்பது தெரியும். அவர்கள் சந்தித்த இடங்களுள் ஒன்று, உணவுக் கடை.

‘கடை’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலாயில் அது ‘கெடாய்’. உணவுக் கடைகளின் முகப்பில் ‘கெடாய் மாக்கான்’ என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். உண்ணும் கடை என்பது பொருள். அதன் தலைமைச் சொல் தமிழ். வணிகத்துக்கு இடும் ‘முதல்’ மலாயில் ‘மோடால்’ ஆயிற்று. மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆயிற்று. சுருட்டு ‘செருத்து’ ஆயிற்று. கடையும் முதலும் சரக்கும் ஒருங்கே சென்றிருப்பதால், இவை வணிகர் வாயிலாகச் சென்ற சொற்கள் என்று துணியலாம். இவற்றுள் பல, தோட்டத் தொழிலாளர் வருகைக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டவை. ஆகவே, கடாரத்தை நினைவூட்டும் சான்று அருங்காட்சியகத்தில் மட்டுமன்றி, கடையின் பெயர்ப்பலகையிலும் தொங்குகிறது.

‘கறி’ என்னும் சொல் இன்னும் வியப்புக்குரியது. சங்க இலக்கியத்தில் அது மிளகைக் குறித்தது. பின்னர்க் காய்கறியைக் குறித்தது. இன்று தமிழ்நாட்டில் பல இடங்களில் இறைச்சியைக் குறிக்கிறது. மலேசியத் தமிழில் காரச்சாறோடு கூடிய குழம்பையும் குறிக்கிறது. மலாயில் ‘காரி’ ஆகவும் ஆங்கிலத்தில் உலகமறிந்த சொல்லாகவும் வழங்குகிறது. இடியாப்பத்தையோ மலாய்க்காரர் ‘புத்து மாயாம்’ என்கின்றனர். பெயரில் இருப்பது நம் புட்டு. தட்டில் இருப்பது நம் இடியாப்பம். பண்டம் ஒரு வழியாகவும் பெயர் மற்றொரு வழியாகவும் பயணம் செய்யும் என்பதற்கு மாணவர்க்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ‘நாசி கண்டார்’ என்பதில் நாசி சோறு. கண்டார் என்பது தோள்தடியின் இருபுறமும் சுமை தொங்கவிட்டுச் சுமத்தல். தமிழ் இசுலாமியர் பினாங்கில் அவ்வாறு சோறும் குழம்பும் சுமந்து விற்றனர். நம் மொழியில் அத்தகைய தடியின் பெயர் காவடி. தைப்பூசத்தில் நேர்த்திக்கடனாகத் தோளேறும் காவடியும், துறைமுகத்தில் பிழைப்புக்காகத் தோளேறிய தடியும் வடிவால் ஒன்றே.

உணவு முடிந்து வீட்டுக்கு இரண்டு வடை கேட்டோம். “கட்டவா, ஐயா?” என்றார் அம்மையார். அதே வேளையில் வாயிலில் நின்ற பள்ளி மாணவர் ஒருவர் “தாப்பாவ்” என்றார். அது கந்தோனியச் சீனச் சொல். மற்றொருவர் “புங்குஸ்” என்றார், அது மலாய். மூவரும் கேட்டது ஒன்றே. மூவருக்கும் பொட்டலம் கிடைத்தது. ஆனால் ‘கட்டு’ என்று சொன்னவர் அறுபது வயதைக் கடந்தவர் என்பதையும், தமிழ் மாணவர் சீனச் சொல்லைக் கையாண்டார் என்பதையும் நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

அருகி வரும் சொற்கள்

தோட்டங்கள் ஒரே நாளில் மறையவில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது புதியவர் வருகை நின்றது. 1941 டிசம்பரில் போர் வந்தது. சுங்கைப் பட்டாணியின் வானூர்தித் தளம் முதல் நாளிலேயே குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. சப்பானியர் காலத்தில் அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளவில்லை. விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. நிலங்கள் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் ஆயின. தோட்டப் பெயர் சில, தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் எஞ்சியுள்ளன. ஹார்வார்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் அதற்குச் சான்று.

தோட்டம் போனபின் பிரட்டு, வெளிக்காடு, லயம் முதலிய சொற்கள் முதியோர் பேச்சில் மட்டும் வாழ்கின்றன. பொருள் மறைந்தால் சொல் மறைவது இயற்கை. ஆனால் உணவுக் கடை மறையவில்லை, பசியும் மறையவில்லை. இருந்தும் கடைச்சொற்கள் அருகி வருகின்றன. பரிமாறுவோர் பலர் அயல்நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர். அவர்களிடம் எல்லாரும் மலாயில் கேட்கின்றனர். விலைப்பட்டியல்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகின்றன. இந்த இடத்தில் நம் வகுப்பறைகளும் ஒரு பங்கு வகிக்கின்றன. ‘காலையில் பசியாறிவிட்டுப் பள்ளிக்கு வந்தேன்’ என்று மாணவர் கட்டுரையில் எழுதினால், அதனைச் சிவப்பு மையால் அடித்துச் ‘சிற்றுண்டி உண்டு’ எனத் திருத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சிற்றுண்டியும் நல்ல சொல்லே. ஆனால் பசியாறுதல் பிழையும் அன்று, கொச்சையும் அன்று. அது இலக்கணம் பிழையாத தமிழ்ச்சொல். மேலும், இந்நாட்டுத் தமிழர் தம் வாழ்வால் புதுப்பொருள் ஏற்றிய சொல். அதனை அடிக்கும்போது, அம்மாணவரின் பாட்டியின் விடியற்காலை ஒன்றும் அடிபட்டுப் போகிறது.

கடன்சொற்கள் அனைத்தையும் எழுத்துத் தமிழுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது நம் கருத்தன்று. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தொல்காப்பியக் காலந்தொட்டு அறிந்த மரபு நம்முடையது. ‘தே ஓ கோசோங்’ கடைக்கு உரியது. கட்டுரைக்கு வெறுந்தேநீர் உண்டு. ஆனால் ஒரு சொல்லைக் கட்டுரையில் விலக்குவது வேறு. அதன் வரலாற்றை அறியாமல் இழிவென ஒதுக்குவது வேறு. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கடைவீதியில் அப்பம் விற்ற கூவியரைப் பெயர் சொல்லிக் குறித்தது. அடிகள் அவர்களை எழுதத்தக்கவர்களாகக் கருதியதனால்தான் அச்சொல் நமக்குக் கிடைத்தது.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் இடம்பெற்றன. பல இனத்தார் ஒன்றாக அமர்ந்து உண்பதே அங்கீகாரம் பெற்றது. நம் கடைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் உணவைப் பட்டியலிட உலகம் இருக்கிறது. உணவைச் சூழ்ந்த தமிழ்ச் சொற்களைப் பட்டியலிட நாம்தான் இருக்கிறோம்.

இதற்குப் பெருஞ்செலவோ பெரிய கருவிகளோ தேவையில்லை. ஒரு வகுப்பு மாணவர்கள், தத்தம் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஒரு சிறு கடைக்குச் சென்று எளிய உணவு ஒன்றைக் கேட்டு உண்ணட்டும். காதில் விழும் சொற்களை, சொன்னவரின் ஏறத்தாழ வயதோடும் சொல்லப்பட்ட சூழலோடும் குறித்து வரட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, அது எம்மொழிச் சொல், தமிழில் அதற்கு வேறு சொல் உண்டா, வீட்டில் தாத்தாவும் பாட்டியும் என்ன சொல்வர் என்னும் மூன்று வினாக்களை எழுதி விடை தேடட்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே இசைவு பெறுவதும், கூட்டம் மிகுந்த நேரத்தைத் தவிர்ப்பதும் நன்று. ஓராண்டில் பத்துப் பள்ளிகள் இதனைச் செய்தால், கெடாத் தமிழர் உணவுச் சொல்லகராதி ஒன்றுக்கு வேண்டிய அடிப்படைத் தரவு கிடைத்துவிடும்.

அப்பணியில் ஈடுபடும் மாணவர்கள் முதற்சொல்லாகப் பசியாறுதலைக் குறித்துக்கொள்ளட்டும். அதற்கு எதிரே ‘வினைச்சொல், தமிழ், மலேசிய வழக்கில் காலை உணவும் சோறல்லாத சிற்றுணவும் உண்ணல்’ என்று பொருள் எழுதட்டும். எந்தக் கடையில், எந்த நாளில், யார் சொல்லக் கேட்டது என்பதையும் உடன் எழுதட்டும். எந்த அகராதியும் இவ்வாறு ஒரு சீட்டிலிருந்தே தொடங்குகிறது.